டம்ப்ஸா, படிப்பா, தேதியைத் தள்ளிவைப்பதா: சான்றிதழ்த் தேர்வுக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

காலாண்டு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. குழுவில் மேலும் இரண்டு பேர் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் தேறியாக வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அன்று மாலையே குழுவிலுள்ள ஒருவர் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் கோப்பை அனுப்புகிறார். "இத மட்டும் பாத்தா போதும், போன வாரம்தான் எழுதினேன், முக்கால்வாசி இதுலருந்துதான் வந்துச்சு" என்று கீழே ஒரு வரி. சென்னை ஓஎம்ஆர் சாலையில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. கசிந்த தேர்வு வினாக்கள் அடங்கிய, 'டம்ப்ஸ்' எனப்படும் அந்தக் கோப்பைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த நெருக்கடி தனிமனிதரின் சோம்பலால் மட்டும் வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ ஆகிய மூன்றும் தம்முடைய பங்குதாரர் நிறுவனங்களைத் தரம் பிரிக்கும்போது, அந்த நிறுவனத்தில் சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கை குறைந்தால் தரம் இறங்கும். தரம் இறங்கினால் டெண்டரில் பெயர் வராது. ஆகவே மேலிடத்தில் ஓர் எண்ணாக இருப்பது கீழே வரும்போது ஒருவருடைய அப்ரைசலாகவும், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவருக்கு அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்குமா என்ற கவலையாகவும் மாறிவிடுகிறது. இந்த அழுத்தத்தில் இருப்பவரைப் பார்த்து "நேர்மையாக இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. அவர் முன்னால் உண்மையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பதே உதவும்.

வழிகள் நான்கு. கசிந்த வினாக்களை மனப்பாடம் செய்து எழுதுவது முதலாவது. கசிந்தவையா இல்லையா என்று தெளிவாகத் தெரியாத வினாவங்கிகளை வைத்துத் தயாராவது இரண்டாவது. முறையான பாடத்தையும் செய்முறையையும் கொண்டு படிப்பது மூன்றாவது. தேர்வையே தள்ளிவைப்பது, அல்லது வேறு வகைத் தேர்வைத் தேர்ந்துகொள்வது நான்காவது. முதல் வழி தவறு என்பது என் உறுதியான கருத்து; அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயம் அதற்கு முதன்மைக் காரணமல்ல. நான்காவது வழியைப் பெரும்பாலோர் ஒரு வழியாகவே எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குள்ள பெரிய வருத்தம்.

'டம்ப்ஸ்' என்ற சொல் இன்று எவ்வளவோ சாதாரணமாகிவிட்டது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் அந்தச் சாதாரணத் தன்மை மறைந்துவிடும். தேர்வு எழுதியவர் வெளியே வந்து நினைவிலிருந்து எழுதித் தருவதும், பணம் வாங்கிக்கொண்டு வினாக்களைச் சேகரிப்பதற்கென்றே தேர்வு எழுதுவதும், தேர்வு மையத்தின் திரையைப் படம் பிடிப்பதும் இதன் ஊற்றுக்கண்கள். 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்த் தேர்வுகளின் வினா விடைகளை இணையத்தில் விற்றதற்காக, வணிக இரகசியத்தைத் திருடிய குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. படித்த பாடம் கைக்கு வராத, தாளில் மட்டும் எம்சிஎஸ்இ (அக்கால மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்) ஆனவர்களைக் குறிக்க 'பேப்பர் எம்சிஎஸ்இ' என்ற சொல் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியிருந்தது. ஆக, இந்தப் பிரச்சினைக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது.

விற்பவரின் குற்றம் தெளிவானது. வாங்கிப் படிப்பவர் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதுதான் கேள்வி. தேர்வின் முதல் வினா வருவதற்கு முன்பு திரையில் ஓர் ஒப்பந்தம் வரும். வினாக்களை வெளியே சொல்ல மாட்டேன், அனுமதியற்ற பொருள்களைப் பயன்படுத்தவில்லை என்ற பொருளில் நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் மாறும். ஒப்புக்கொள்ளாமல் தேர்வுக்குள் நுழைய முடியாது. கணினித் துறைச் சான்றிதழ்கள் வழங்கும் காம்ப்டியா போன்ற அமைப்புகள் அனுமதியற்ற பயிற்சிப் பொருள்களைப் பயன்படுத்துவதையே தனி விதியாகத் தடை செய்துள்ளன. நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் படிக்காமலேயே 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிடுகிறோம். ஆனால் படிக்காமல் கொடுத்த வாக்கும் வாக்குதான். டம்ப்ஸைப் படித்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துபவர், தேர்வின் முதல் வினாவுக்கு முன்னரே ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறார். தேர்வு முடிந்ததும் நினைவிலிருப்பதைக் குழுவில் பகிர்பவர், நண்பர்களுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டே அதே ஒப்பந்தத்தின் மறுபாதியையும் மீறுகிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி ஒரு கோப்பு எனக்கும் வந்தது. திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வினாவுக்கும் கீழே நான்கு விடைகள், அவற்றில் ஒன்று தடித்த எழுத்தில். அந்த விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒரு வரிகூட இல்லை. முப்பது பக்கம் தள்ளி அதே வினா மீண்டும் வந்தது. இம்முறை தடித்த எழுத்தில் இருந்தது வேறு விடை. யாரோ ஒருவர் ஓரத்தில், "ரெண்டாவதுதான் கரெக்ட்டுன்னு சொல்றாங்க" என்று குறிப்பு எழுதியிருந்தார். யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று தெரியாது. அந்தக் கோப்பை வைத்து எங்கள் குழுவில் சிலர் தேறினார்கள். ஆனால் இரண்டில் எது சரி என்பதை ஆவணத்தைத் திறந்து பார்த்துக்கொண்டவர் எவரும் இல்லை. அந்தக் கோப்பு பழக்குவது அதைத்தான்: ஐயம் வந்தால் சரிபார்க்காமல், பெரும்பான்மை சொல்வதை ஏற்றுக்கொள்வது. கணினித் துறையில் இதைவிட ஆபத்தான பழக்கம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழ் என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் செய்தியல்ல. மூன்றாம் மனிதருக்குச் சொல்வது. "இவரை நம்பி இந்த வேலையைக் கொடுக்கலாம்" என்று நம்மை அறியாத ஒரு கிளையன்டுக்கும், நாளை நம்மோடு உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் சக ஊழியருக்கும் அது உறுதி கூறுகிறது. அந்த உறுதி பொய்யானால் இழப்பு அவர்களுக்குத்தான்.

சில காலம் முன்பு ஒரு நேர்காணலில், அதே ஏடபிள்யூஎஸ் தேர்வில் ஆயிரத்துக்கு 890 மதிப்பெண் வாங்கிய ஓர் இளைஞரைச் சந்தித்தேன். அந்தத் தேர்வில் தேற 720 போதும். அவரிடம் ஓர் எளிய நிலைமையைச் சொன்னேன். வெப் சர்வர் இருக்கும் சப்நெட்டின் (வலையமைப்பின் ஒரு பகுதி) நெட்வொர்க் ஏசிஎல்லில், அதாவது அந்தப் பகுதிக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் விதிப்பட்டியலில், பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்கான 443 ஆம் போர்ட்டுக்கு உள்வரும் அனுமதி கொடுத்தாயிற்று, சர்வருக்கே உரிய வடிகட்டியான செக்யூரிட்டி குரூப்பும் சரி, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை, எங்கே பார்ப்பீர்கள்? அவர் உடனே, "என்ஏசிஎல் ஸ்டேட்லெஸ், செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல் சார்" என்றார். மிகச் சரி. "அப்படியென்றால் இங்கே என்ன விடுபட்டிருக்கும்?" என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்தார். பிறகு தயக்கத்தோடு, "ஆப்ஷன் குடுத்தீங்கன்னா சொல்லிடுவேன் சார்" என்றார். ஸ்டேட்ஃபுல் என்றால் உள்ளே வந்ததை நினைவில் வைத்துப் பதிலைத் தானாக வெளியே விடும்; ஸ்டேட்லெஸ் என்றால் பதில் திரும்பிப் போகும் வழிக்கும் தனியாக அனுமதி வேண்டும். பயனரின் கணினி திறந்து வைத்திருக்கும் 1024 முதல் 65535 வரையிலான தற்காலிகப் போர்ட்டுகளுக்கு வெளிச்செல்லும் விதி எழுதப்படவில்லை என்பதே விடை. அவரிடம் அந்த வாக்கியம் இருந்தது, அதன் பொருள் இல்லை. அவர் மந்தமானவரும் அல்லர். ஒரு மாலை நேரம் அந்த விதியைத் தானே அழித்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்திருந்தால் வாழ்நாளுக்கும் மறந்திருக்க மாட்டார். அந்த ஒரு மாலையைத்தான் டம்ப்ஸ் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது.

டம்ப்ஸுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் சில எளிதில் ஒதுக்கத்தக்கவையல்ல. தேர்வுக் கட்டணம் நம் ஊர்ச் சம்பளத்துக்குப் பெரிது. மேற்சொன்ன ஏடபிள்யூஎஸ் தேர்வுக்கு 150 டாலர், சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏவுக்கு 300 டாலர், வரி தனி. தோற்றால் முழுக் கட்டணத்தையும் மீண்டும் கட்ட வேண்டும். முதல் வேலையில் சேர்ந்து, வீட்டுக்கும் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவர் தோல்விக்கு அஞ்சுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து, தோற்க வாய்ப்பில்லாத அளவுக்குப் படிப்பதற்குக் காலம் கேட்பது. திருட்டு வினாத்தாள் அல்ல.

"இந்தத் தேர்வுகளே நினைவாற்றலைத்தானே சோதிக்கின்றன, வேலையில் கூகுள் செய்துதானே பார்க்கிறோம்" என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை உண்டு. தேர்வு நடத்துபவர்களே அதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2023 ஆகஸ்ட் முதல் தன்னுடைய பணிசார் சான்றிதழ்த் தேர்வுகளில், தேர்வு நேரத்திலேயே தன் கற்றல் தளத்தைத் திறந்து பார்க்க அனுமதிக்கிறது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம் என்று சொன்ன பிறகும் டம்ப்ஸ் தேடுபவர், நினைவாற்றல் சோதனையை எதிர்த்து அதைச் செய்வதாகச் சொல்ல முடியாது.

"எனக்கு ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறது, வேலை தெரியும், கேள்வி எப்படி வரும் என்று பார்க்க மட்டும்தான்" என்பவர்களும் உண்டு. கேள்வியின் பாங்கை அறிவதற்கு நிறுவனங்களே இலவச மாதிரி வினாக்களைத் தருகின்றன. அவை இருக்கும்போது கசிந்த கோப்பைத் திறப்பவர் தேடுவது பாங்கை அல்ல, விடையை. அனுபவசாலி இப்படித் தேறும்போது ஒரு கூடுதல் இழப்பும் நேர்கிறது. தன்னுடைய அனுபவத்தில் எந்தப் பகுதி ஓட்டையாக இருக்கிறது என்பதைக் காட்டக்கூடிய ஒரே கண்ணாடியை அவரே மூடிவிடுகிறார்.

"எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்ற வாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 இல் நீட் வினாத்தாள் கசிந்த செய்தி வந்தபோது நம் அலுவலகங்களில் எத்தனை பேர் உண்மையான கோபத்தோடு பேசினோம். ஓராண்டு, ஈராண்டு விடுப்பெடுத்துப் படித்த ஒரு பிள்ளையின் இடத்தை, காசு கொடுத்து வினாத்தாள் வாங்கியவர் பிடித்துக்கொள்வது அநீதி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த ஆண்டு ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, என்டிஏ போன்ற அமைப்புகளின் தேர்வுகளுக்கானது. தனியார் நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கு அது பொருந்தாது. சட்டம் பொருந்தாவிட்டாலும், பாதிக்கப்படுபவர் இங்கேயும் அதே ஆள்தான்: மூன்று மாதம் இரவில் கண்விழித்துப் படித்து 760 வாங்கியவர், ஒரு வாரம் பிடிஎஃப் பார்த்து 890 வாங்கியவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்.

அகப்படும் வாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலர் நினைப்பது போல் கேமரா மட்டுமே காவல் அல்ல. மேற்சொன்ன ஏடபிள்யூஎஸ் தேர்வின் 65 வினாக்களில் 15 வினாக்களுக்கு மதிப்பெண் கிடையாது. புதிய வினாக்களைச் சோதித்துப் பார்க்க அவை வைக்கப்படுகின்றன. கசிந்த கடின வினாக்களுக்குச் சில நொடிகளில் சரியான விடை, கசியாத எளிய வினாக்களுக்கு நீண்ட நேரம் எடுத்துத் தவறான விடை என்ற வேறுபாட்டைப் புள்ளியியல் எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுமென்றே தவறான விடையோடு ஒரு வினாவைக் கசியவிட்டு, அதே தவறான விடையை எழுதுபவர் யார் என்று பார்க்கும் முறையும் தேர்வுப் பாதுகாப்புத் துறையில் அறியப்பட்டதே. பிடிபட்டால் அந்தத் தேர்வு ரத்தாவதோடு முன்பு பெற்ற சான்றிதழ்களும் போகலாம். வாழ்நாள் தடை விதிக்கும் விதிகளும் உண்டு. இருந்தாலும் பலர் பிடிபடுவதில்லை என்பதே உண்மை. பயத்தை மட்டும் நம்பி இந்த முடிவை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது வழிதான் மனசாட்சி உள்ளவர்களையும் குழப்புகிறது. இணையத்தில் 'பயிற்சி வினாக்கள்' என்ற பெயரில் கிடைப்பவற்றில் நல்ல ஆசிரியர்கள் தாமே எழுதியவையும் உண்டு, பெயரை மட்டும் மாற்றிய டம்ப்ஸும் உண்டு. இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்களைப் பார்ப்பேன். "உண்மையான தேர்வு வினாக்கள்", "நேற்றைய தேர்விலிருந்து புதுப்பிக்கப்பட்டது", "தேர்ச்சிக்கு முழு உத்தரவாதம்" என்று விற்பவரே சொன்னால் அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. வினாவை எழுதியவர் யார் என்று பெயர் இருக்கிறதா, ஒவ்வொரு விடைக்கும் காரணமும், நிறுவனத்தின் ஆவணத்துக்குத் தொடுப்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காரணம் எழுதத் தெரிந்தவருக்கு வினா எழுதவும் தெரியும். திருடிய வினாவுக்குக் காரணம் எழுதுவது கடினம். வினாக்களுக்குக் கீழே வாசகர்கள் "இது 12 ஆம் தேதி வந்தது" என்று எழுதிக்கொண்டிருந்தால், அந்தத் தளம் எப்படித் தொடங்கியிருந்தாலும் இப்போது அது கசிவுக் கிடங்குதான்.

தெரியாமல் பயன்படுத்தியவரைப் பற்றி என்ன சொல்வது? ஒரு பயிற்சித் தளத்தை நம்பிப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போனால், திரையில் சொல்லுக்குச் சொல் அதே வினாக்கள் வருகின்றன. அவர் ஏமாற்றியவர் அல்லர், ஏமாந்தவர். அந்தக் கணத்திலிருந்து அவருக்கு உண்மை தெரியும் என்பதால் அடுத்து அவர் செய்வதுதான் முக்கியம். அந்தத் தளத்தை இன்னொருவருக்குப் பரிந்துரைத்தால் இம்முறை தெரிந்தே செய்கிறார். தேர்வு நடத்தும் நிறுவனங்களுக்கு இத்தகைய கசிவுகளைத் தெரிவிப்பதற்கென்று வழிகள் இருக்கின்றன. ஒரு மின்னஞ்சல் எழுத ஐந்து நிமிடம் போதும். தேர்விலிருந்து வெளியே வந்த நண்பரிடம் "என்னப்பா கேட்டாங்க?" என்று விசாரிப்பதும் இந்த எல்லையில்தான் வருகிறது. "நெட்வொர்க்கிங் நிறைய இருந்துச்சு, நேரம் பத்தல" என்று அவர் சொன்னால் அது அனுபவப் பகிர்வு. வினாவின் சொற்களும் விடைகளும் வாயிலிருந்து வரத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுவது இருவருக்கும் நல்லது.

மூன்றாவது வழியின் விலை நேரம். தினமும் ஏடபிள்யூஎஸ்ஸில் வேலை பார்ப்பவருக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் ஆறு வாரம் போதும் என்பது என் அனுபவம். புதியவருக்கு மூன்று மாதம் வேண்டும். தேர்வு வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது. பாதுகாப்பான கட்டமைப்புக்கு 30 சதவீதம், தாங்குதிறனுக்கு 26, செயல்திறனுக்கு 24, செலவுச் சிக்கனத்துக்கு 20 என்று மதிப்பெண் பங்கீடுகூட அதில் இருக்கிறது. நிறுவனமே தரும் இலவசப் பயிற்சி வினாக்களை எழுதிப் பார்க்கலாம். புதிய கணக்குக்குக் கிடைக்கும் இலவச வரம்புக்குள் லேப் (செய்முறைப் பயிற்சி) செய்யலாம். ஆனால் முதல் வேலையாகச் செலவு எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். உள்ளிருக்கும் கணினிகள் இணையத்துக்குப் போக வழிவிடும் நேட் கேட்வே ஒன்றை உருவாக்கி மறந்துவிட்டால், அதன் வழியாக எதுவும் போகாவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும்.

நான்காவது வழியில் இரண்டு கிளைகள் உண்டு. செய்முறைத் தேர்வுகளைத் தேர்ந்துகொள்வது ஒன்று. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வில் விடைகளுக்கு வட்டமிடும் வேலையே கிடையாது. லினக்ஸ் கணினியை உண்மையில் அமைத்துக் காட்ட வேண்டும், 300-க்கு 210 வாங்க வேண்டும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருளான குபெர்நெட்டிஸின் நிர்வாகிக்குரிய சிகேஏ தேர்வில் இரண்டு மணி நேரம் கட்டளை வரியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறந்து பார்க்கலாம், தோற்றால் ஒருமுறை இலவசமாக மீண்டும் எழுதலாம். இவற்றின் பணிகளும் வெளியே கசிவதுண்டு. ஆனால் கசிந்த பணியையும் கையால் செய்துதான் ஆக வேண்டும் என்பதால், மனப்பாடம் மட்டுமே வைத்துக்கொண்டு தேறுவது கடினம். நேர்காணல் செய்பவன் என்ற முறையில், இத்தகைய சான்றிதழைக் கண்டால் எனக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் குறைகின்றன.

தேதியைத் தள்ளிவைக்கும்படி கேட்பது இன்னொரு கிளை. நம் அலுவலகங்களில் இதைக் கேட்பதற்குத்தான் பயப்படுகிறோம். "இப்ப முடியாது சார்" என்பதாக அது இருக்க வேண்டியதில்லை. "பாதுகாப்புப் பகுதியில் பயிற்சித் தேர்வில் 55 சதவீதம்தான் வருகிறது, ஐந்து வாரம் கொடுத்தால் தேறுவேன், இந்தக் காலாண்டில் தோற்றால் வவுச்சரும் வீண், 14 நாள் காத்திருந்துதான் மறுபடி எழுத முடியும்" என்று கணக்கோடு சொன்னால், பெரும்பாலான மேலாளர்கள் கேட்பார்கள். கேட்காத மேலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல்: மூன்று வாரத்தில் எல்லாரும் தேற வேண்டும் என்று எழுதிவிட்டு, படிக்க வேலை நேரத்தில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்காதவர், தன் கையால் பிடிஎஃப் அனுப்பாவிட்டாலும் அனுப்பியவரே. இரவு இரண்டு மணிக்கு, பயனர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் உற்பத்திச் சூழலில் ஏதாவது நின்றுபோகும்போது, சான்றிதழ் பெற்ற ஐந்து பேரில் யாரை எழுப்புவது என்று அவருக்கே தெரியாமல் போவது அந்த உத்தரவின் நேரடி விளைவு.

ஏற்கெனவே டம்ப்ஸ் படித்துத் தேறிவிட்டவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமல்ல. ஏடபிள்யூஎஸ் சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். இன்னும் எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். அதற்குள், மனப்பாடம் செய்த ஒவ்வொரு சேவையையும் ஒருமுறையாவது கையால் உருவாக்கி, கையால் உடைத்து, கையால் சரிசெய்துவிடுங்கள். அதுவரை, தெரியாத வேலையை அந்தச் சான்றிதழைக் காட்டி ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளையன்ட் கேட்டால் "இதை நான் இன்னும் நேரடியாகச் செய்ததில்லை" என்று சொல்லிவிடுங்கள். புதுப்பிக்கும் தேர்வை எந்தக் கோப்பும் இல்லாமல் எழுதுங்கள். இன்றைக்கே தொடங்குவதென்றால், ஒரு விபிசி (கிளவுடில் நமக்கென்று அமைக்கும் தனி வலையமைப்பு), இரண்டு சப்நெட், ஒரு வெப் சர்வர், ஒரு நெட்வொர்க் ஏசிஎல் போதும். பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளிச்செல்லும் விதியை அழித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.